வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்: கண்காட்சியில் பல்பு எரிய எந்த வழி நல்லது?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது. "மாமா, வயர் இல்லாம, பேட்டரி இல்லாம பல்பு எரியணும். சார்கிட்ட தலைப்பு கொடுத்துட்டேன்" என்று போன் செய்தாள். எப்படிச் செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "அதுக்குத்தான் உங்களுக்கு போன் பண்றேன்" என்றாள். தலைப்பை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் யோசிக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு, அவளை மட்டும் குறை சொல்ல முடியாது.

அந்தப் பத்து நாளில் ஏழெட்டு வழிகளை அலசினோம். சிலவற்றைச் செய்தே பார்த்தோம். இதே தலைப்போடு உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வந்து நிற்கலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். பேட்டரி இல்லை என்றால் எங்கே இல்லை? பல்பின் பக்கம் மட்டுமா, மேசையிலேயே இல்லையா? வயர் இல்லை என்றால் பல்புக்கு வருகிற வயர் இல்லையா, இல்லை சுற்றிய கம்பிகூட இருக்கக் கூடாதா? நடுவராக வருகிற ஆசிரியர் கேட்கப்போகிற முதல் கேள்வி, "கரண்ட் எங்கிருந்து வருதும்மா?" என்பதுதான். அதற்குப் பிள்ளை தடுமாறாமல் பதில் சொல்லக்கூடிய வழி எதுவோ, அதுதான் நமக்கான வழி. பளிச்சென்று எரிகிறதா என்பதை இரண்டாவதாகத்தான் பார்த்தேன்.

யூடியூபில் இந்தத் தலைப்பைத் தேடினால் முதலில் வந்து விழுவது காந்த வீடியோக்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த வட்டக் காந்தம், அதன்மேல் ஒரு பல்பு, வைத்த உடனே எரிகிறது, கீழே 'இலவச மின்சாரம்' என்று தலைப்பு. அவள் அனுப்பிய நாலு வீடியோவில் மூன்று இந்த ரகம். பல்புக்குள் பட்டன் செல்லை ஒளித்து வைப்பதும், மேசைக்கு அடியில் வயர் ஓட்டுவதும்தான் இதில் உள்ள வித்தை. சும்மா கிடக்கிற காந்தம் மின்சாரம் தராது. காந்தமோ கம்பிச்சுருளோ அசைய வேண்டும், அல்லது காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இலேயே காட்டிவிட்டார். பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம்தான். அந்த வீடியோவைப் பார்த்து அப்படியே செய்து, எரியாமல், கடைசி நாள் ராத்திரி அழுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எலுமிச்சம்பழத்தையும் உடனே தள்ளிவிட்டோம். துத்தநாக ஆணியும் செம்புத் தகடும் குத்தினால் ஒரு பழத்துக்கு முக்கால், ஒரு வோல்ட் வரும். சிவப்பு எல்இடி மங்கலாக எரியவே மூன்று நாலு பழத்தை வரிசையாக இணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அது பேட்டரியேதான். பேட்டரி இல்லை என்று எழுதி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் பேட்டரியை அடுக்கி வைப்பதில் என்ன அர்த்தம்?

நிஜமாகவே வயரும் பேட்டரியும் இல்லாதவை

தலைப்பை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிறவை இரண்டுதான் தேறின.

ஒன்று, ட்யூப்லைட்டைத் தேய்ப்பது. நன்றாகத் துடைத்துக் காயவைத்த ட்யூப்லைட்டை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, கம்பளி மஃப்ளராலோ பாலித்தீன் பையாலோ வேகமாகத் தேய்க்க வேண்டும். தேய்ப்பில் கண்ணாடியின் மேல் சேர்கிற நிலைமின்சாரம் உள்ளே இருக்கிற வாயுவை ஒரு கணம் மின்ன வைக்கும். ஃபியூஸ் போன ட்யூப்பே போதும். உடையாமலும் காற்றுப் புகாமலும் இருந்தால் சரி, உள்ளே இருக்கும் இழை இதற்குத் தேவையில்லை. 1700களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் ஹாக்ஸ்பி காற்று நீக்கிய கண்ணாடி உருண்டையைச் சுழலவிட்டு, அதன்மேல் கையை வைத்து இப்படி வெளிச்சம் வரவழைத்தார். மின்விளக்கு பிறக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்த காலம் அது.

இதை ராத்திரி பத்து மணிக்கு ஹாலில் செய்தோம். கதவைச் சாத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, இரண்டு நிமிஷம் கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா உட்கார்ந்தோம். மஃப்ளர் போகிற இடமெல்லாம் சாம்பல் வெள்ளையில் ஒரு நிழல் மாதிரி வெளிச்சம் ஓடியது. அவளுக்குப் புல்லரித்துவிட்டது. மறுநாள் காலையில் செய்தால் ஒன்றுமே இல்லை. வெளிச்சம் ஒரு காரணம், ஈரக்காற்று இன்னொரு காரணம். கடலோர ஊர்களில் காற்றிலிருந்து கண்ணாடியின் மேல் படிகிற ஈரமே சேர்ந்த மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். பலூனைத் தலையில் தேய்த்து ட்யூப் பக்கம் கொண்டுபோகலாம் என்று புத்தகங்களில் இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவி இரட்டைச் சடை போட்டு வருகிற தலையில் அது நடக்காது. கண்காட்சி கூடத்தை இருட்டாக்கவும் முடியாது. ட்யூப் உடைந்தால் உள்ளே இருக்கும் சில மில்லிகிராம் பாதரசம் வெளியே வரும், பிள்ளைகள் நெரிசலில் அது ஒரு கவலை. வீட்டில் செய்து ரசிக்க அருமையானது, மேடைக்கு ஆகாது.

இரண்டாவது, பாட்டில் விளக்கு. பிரேசிலில் உபெராபா ஊரைச் சேர்ந்த மெக்கானிக் அல்ஃப்ரெடோ மோசர் 2002இல் அடிக்கடி வந்த கரண்ட் கட்டுக்கு நடுவே கண்டுபிடித்தது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மூடி பிளீச்சிங் திரவம் விட்டு, கூரையில் ஓட்டை போட்டுப் பாதி வெளியே, பாதி உள்ளே இருக்கிற மாதிரி பொருத்த வேண்டும். வெயில் தண்ணீருக்குள் விலகிச் சிதறி அறை முழுக்கப் பரவும். நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும். பிலிப்பைன்ஸில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இது ஏறியது. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகள் நம்மூரிலும் ஏராளமாக இருப்பதால், 'பயன் என்ன?' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இந்தப் பட்டியலில் வேறு எதற்கும் கிடையாது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன். அட்டைப்பெட்டியைக் குடிசை மாதிரி செய்து, பக்கத்தில் ஓட்டை போட்டு எட்டிப் பார்க்க விட்டால் போதும். என் மருமகளோ, "இது பல்பே இல்ல மாமா, தண்ணி பாட்டில்" என்று சொல்லிவிட்டாள். அதுவும் சரிதான்.

கை உழைப்பில் எரிபவை

குலுக்கு விளக்கு ஃபாரடேயின் சோதனையேதான். அரை அங்குல பிவிசி குழாயின் மேல் எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரம் சுற்றுச் சுற்றி, குழாய்க்குள் நாலைந்து நியோடிமியம் காந்தத்தை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, இரண்டு பக்கமும் அடைத்துக் குலுக்கினால், கம்பியின் இரண்டு முனையிலும் இணைத்த சிவப்பு எல்இடி விட்டு விட்டு எரியும். வெள்ளை எல்இடிக்கு மூன்று வோல்ட் அளவு தேவை, சிவப்புக்கு இரண்டுக்குள் போதும், அதனால் சிவப்பு. இரண்டு எல்இடியை எதிரெதிர்த் திசையில் இணைத்தால் காந்தம் போகும்போது ஒன்றும் திரும்பும்போது மற்றொன்றும் மின்னும், மாறுதிசை மின்னோட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேசையில் எங்கேயும் பேட்டரி கிடையாது. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "என் கையிலிருந்து சார்" என்று சொல்லிவிடலாம். வயர் இருக்கிறதே என்பதுதான் ஒரே குறை. ஆயிரம் சுற்று எண்ணுவது இன்னொரு குறை. நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை போச்சு.

கேஸ் லைட்டரும் கையின் வேலைதான். உள்ளே இருக்கும் பீசோ படிகத்தைச் சுத்தி மாதிரி ஒரு பாகம் அடிக்கும்போது ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு கணம் எழும். டெஸ்டருக்குள் இருக்குமே சின்ன நியான் விளக்கு, அதன் ஒரு முனை லைட்டரின் நடு ஊசியையும் மறுமுனை வெளிக்குழாயையும் தொடும்படி வைத்து அழுத்தினால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மின்னல் வெட்டும். அவ்வளவுதான் வேடிக்கை, ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: நியானை எடுக்கப் பிரித்த டெஸ்டரை மறுபடி மாட்டி லைன் பார்க்காதீர்கள். உள்ளே மின்னோட்டத்தைக் குறைக்கிற ரெசிஸ்டர் தவறிப் போயிருந்தால் அது உயிரை எடுத்துவிடும்.

காற்று வழியே மின்சாரம்

'வயர் இல்லாமல்' என்று சொன்னவுடனே பெரும்பாலோர் மனதில் வருவது இதுதான். நிக்கோலா டெஸ்லா 1891 மே மாதம் நியூயார்க்கில் கொலம்பியா கல்லூரியில் பொறியாளர்கள் முன்னால், எந்த இணைப்பும் இல்லாத வாயுக்குழாய்களைக் கையில் பிடித்து எரிய வைத்துக் காட்டினார். 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மரின் சோல்யாசிச் குழுவினர் இரண்டு மீட்டர் தள்ளி இருந்த 60 வாட் பல்பை எரிய வைத்தார்கள். அனுப்பிய ஆற்றலில் 40 சதவீதம் அளவு போய்ச் சேர்ந்தது. இன்று போனை வைத்து சார்ஜ் செய்கிற தட்டும் இதே குடும்பம்தான்.

இதில் பிள்ளைகள் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, ஸ்லேயர் எக்ஸைட்டர் என்று சொல்லப்படுகிற குட்டி டெஸ்லா காயில். இன்னொன்று, இரட்டைக் காயில் (காயில் என்றால் கம்பிச்சுருள்). எங்கள் வீட்டில் சண்டை நடந்தது இவை இரண்டுக்கும் நடுவில்தான்.

ஸ்லேயருக்குத் தேவை ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர், ஒரு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு எல்இடி, ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு அங்குலக் குழாயில் நெருக்கமாகச் சுற்றிய இருநூறு முந்நூறு சுற்று மெல்லிய கம்பி, அதன் அடியில் இரண்டு மூன்று சுற்று தடித்த கம்பி. பக்கத்தில் ஒரு சிஎஃப்எல் பல்பைக் கையில் பிடித்துக் கொண்டுபோனால் எரியும். பல்பைத் தொட்ட விரல் மேலே ஏற ஏற வெளிச்சமும் கூடவே ஏறும், ஏனென்றால் நம் உடம்பும் அந்தச் சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது. பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள், சந்தேகமே இல்லை. கூட்டம் வேண்டுமென்றால் இதுதான்.

எங்கள் அனுபவம் வேறு மாதிரி. டிரான்சிஸ்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. முதலாவது நாலு நிமிஷத்தில் போனது, இரண்டாவதை ஒரு அலுமினியத் துண்டோடு சேர்த்து முடுக்கிக் கொஞ்சம் காப்பாற்றினோம். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. கண்காட்சியோ காலை பத்து முதல் மாலை நாலு வரை. சிஎஃப்எல் பல்பும் இப்போது கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை, எல்இடி வந்ததும் எல்லோரும் மாறிவிட்டார்கள். நல்லவேளையாகப் பரணில் பழையது இரண்டு இருந்தன. இதையெல்லாம் சமாளித்துவிடலாம். அவளிடம், "வாயு ஏன் எரியுது? எல்இடி பல்பை வெச்சா ஏன் எரியலை?" என்று கேட்டேன். அயனியாக்கம், மின்புலம், ஒத்ததிர்வு என்று எழுதி வைத்ததை ஒப்பித்தாள். அடுத்த கேள்வி கேட்டதும் என் முகத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில்தான் ஸ்லேயர் தோற்றது.

இரட்டைக் காயில் இவ்வளவு பகட்டானது இல்லை. ஊறுகாய் பாட்டிலின் மேல் 26 கேஜ் எனாமல் கம்பியைப் பதினைந்து சுற்றுச் சுற்றி, ஒரு வளையம் வெளியே இழுத்துவிட்டு, அதே திசையில் இன்னும் பதினைந்து சுற்று. நடுவில் இழுத்த வளையம் பேட்டரியின் பிளஸ்ஸுக்குப் போகும். டிரான்சிஸ்டருக்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று மூன்று கால்கள். காயிலின் ஒரு முனை கலெக்டருக்கு, மறுமுனை ஒரு ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு, எமிட்டர் மைனஸுக்கு. ஒன்பது வோல்ட்டுக்கு 22 கிலோ ஓம் போதும். இன்னொரு முப்பது சுற்றுக் காயிலைத் தனியாகச் செய்து, அதன் இரண்டு முனையிலும் ஒரு எல்இடி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் எல்இடி எரியும். அந்த மேல் காயிலுக்கு வயரும் வராது, பேட்டரியும் கிடையாது.

கம்பியை மோட்டார் ரீவைண்டிங் கடையில் எடை போட்டுத் தருவார்கள், நூறு கிராமே அதிகம். பள்ளிக்கூடப் பிராஜக்ட் என்று சொன்னால் துண்டுக் கம்பியைச் சும்மாவே கொடுக்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். கம்பியின் முனைகளில் எனாமலை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டியே ஆக வேண்டும். 'எரியவில்லை' என்று புலம்புகிற பத்துப் பேரில் பாதிப் பேர் செய்கிற தப்பு இதுதான். கம்பி செம்பு நிறத்தில் பளபளவென்று இருப்பதால் மேலே எனாமல் பூச்சு இருப்பதே தெரியாது. சுரண்டியும் எரியவில்லை என்றால், காயிலின் இரண்டு பாதியும் ஒரே திசையில் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, கேள்வி கேட்கக் கேட்கப் பதில் காட்ட முடிகிறது என்பதுதான். நடுவில் கணக்கு நோட்டை வைத்தால் எல்இடி எரிந்துகொண்டே இருக்கும். உள்ளங்கையை வைத்தாலும் எரியும். எவர்சில்வர் தட்டை வைத்தால் பொசுக்கென்று அணையும், எடுத்தால் மறுபடி எரியும். தட்டுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது வருகிற காந்தப்புலத்தை எதிர்க்கிறது. அவள் அடுக்களையிலிருந்து தட்டு, சல்லடை, அலுமினியத் தாள், பீங்கான் கோப்பை என்று ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து அரை நாள் அதிலேயே உட்கார்ந்திருந்தாள். மேல் காயிலைப் படுக்கையாகப் பிடித்தால் எரியும், செங்குத்தாக நிமிர்த்தினால் மங்கி அணையும். டிரான்சிஸ்டர் எதற்கு என்று கேட்டால் காயிலை நேராக பேட்டரியில் இணைத்துக் காட்டலாம், எல்இடி எரியாது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை போய் வந்து போய் வந்து புலத்தை மாற்றுவது டிரான்சிஸ்டரின் வேலை என்பது அப்போது தானாகப் புரியும்.

தூரம்தான் பலவீனம். காயிலின் ஆரம் நாலு சென்டிமீட்டர் என்றால், நாலு சென்டிமீட்டர் உயரத்தில் நடு அச்சில் காந்தப்புலம் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். எட்டு சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எங்களுடையது ஆறு சென்டிமீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை. தூரம் வேண்டுமானால் காயிலைப் பெரிதாக்க வேண்டும், சுற்றை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் உதவாது. இந்தக் குறையையே அவள் ஒரு வரைபடமாகப் போட்டுவிட்டாள்: கீழே தூரம், பக்கத்தில் மல்டிமீட்டர் காட்டிய அளவு. சார்ட்டில் அதற்குத்தான் அதிக இடம்.

சோம்பேறிக்கு ஒரு வழி உண்டு. ஆன்லைனில் விற்கிற பிளாஸ்மா உருண்டையை வாங்கி, சிஎஃப்எல்லைப் பக்கத்தில் காட்டினால் எரியும். சுடாது, கெடாது, நாள் முழுக்க ஓடும். நீ என்ன செய்தாய் என்று கேட்டால் 'ஆர்டர் செய்தேன்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொரு வழி வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு. இரண்டு மூன்று சுற்றுக் கம்பியில் ஒரு ரெசிஸ்டரோடு எல்இடியைக் கோத்து மேலே வைத்து, பாத்திரம் இல்லாமல் ஆன் செய்தால், பாத்திரம் இருக்கிறதா என்று அடுப்பு தேடுகிற ஒவ்வொரு முறையும் எல்இடி கண் சிமிட்டும். அப்புறம் கத்திவிட்டு அடுப்பு தானாக அணைந்துவிடும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சிலவற்றைப் பேச்சுக்குக்கூட எடுக்கக் கூடாது. உயரழுத்தக் கம்பிக்குக் கீழே ட்யூப்லைட்டை நட்டால் எரியும், உண்மைதான். 2004இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர் 1301 ட்யூப்களை அப்படி ஒரு வயலில் நட்டு எரிய வைத்தார். அதைப் படித்துவிட்டு நீளமான ட்யூப்பைத் தூக்கிக்கொண்டு டவர் லைன் பக்கம் போகிற யோசனை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. கொசு பேட்டைப் பிரிப்பது, மைக்ரோவேவில் பல்பை வைப்பது, வீட்டு பிளக்கில் நேராகச் செருகுகிற எந்தச் சர்க்யூட்டும் இதே கணக்கில்தான்.

கடைசியில் இரட்டைக் காயில்தான் போனது. ஒன்பது வோல்ட் பேட்டரிக்குப் பதிலாக, பென்டார்ச் செல் ஆறை ஹோல்டரில் போட்டு ஒன்பது வோல்ட் எடுத்தோம், நாள் முழுக்கத் தாங்கியது. பவர் பேங்க் முதலில் முயன்றோம். இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைவு என்று அது அரை நிமிஷத்தில் தானே அணைந்து அணைந்து மானத்தை வாங்கியது.

தலைப்பை அவளே கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தாள்: 'இந்த எல்இடிக்கு வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. மேசைக்கு உண்டு.' நடுவர் படித்துச் சிரித்துவிட்டு, தட்டை எடுத்து நடுவில் வைத்துப் பார்த்தாராம். அப்புறம் தன் பாக்கெட்டிலிருந்து போன், சாவிக்கொத்து, பர்ஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எதற்கு அணைகிறது, எதற்கு அணையவில்லை என்று அவரே சோதனை செய்துகொண்டிருந்தாராம். பின்னால் வரிசை நின்றுவிட்டது.